ஒன்றரை சென்ட்

வங்கி ஏலத்தில் எடுத்த விளை.
கடையாலுமூட்டுக்கு மேற்கே இறங்கும் சரிவில்
அறுபத்திரண்டு சென்ட்.
யாருடையதாகவோ இருந்தது.
அங்கே ஒரு மாங்காய்க்குக் கல்லெறிந்த ஞாபகம்கூட
எனக்குக் கிடையாது.
பத்திரத்தில் தென்னை பதினாறு.
நேரில் எண்ணினால் ஏழு தென்னை,
ஒன்பது மொட்டைத் தடி.

இடவப்பாதி மழைக்கு முன்னால்
வெட்டித் தெளித்துவிட வேண்டும்.
பிபுல் வந்தான். அசாம்காரன்.
ஒரு வெட்டுகத்தி, ஒரு போன்,
போனுக்குள் ஓயாமல் அவன் ஊர்ப் பாட்டு.
பாட்டுக்கேற்பச் சாய்ந்தது
ஆளுயரக் கம்யூனிஸ்ட் பச்சை.
அந்த நெடி விரலைவிட்டுப் போக
இரண்டு நாளாகும், சோப்பு போட்டாலும்.

ரப்பர்பால் சிரட்டைகளை எண்ணத் தொடங்கி
இருநூறில் விட்டேன்.
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பழைய மழை,
மழைக்குள் கூத்தாடிப் புழு.
கவிழ்த்துக்கொண்டே போனோம்.
ஷீட் அடிக்கும் மெஷினில் ஒரு உருளைதான் மிச்சம்.
கிலோ முப்பது ரூபாய் என்றான் பழைய இரும்புக்காரன்,
வேரை நாமே அறுத்துக் கொடுத்தால்.
வேர் விடவில்லை.

அயனி மூட்டில், முட்டளவு உயரத்தில்,
ஒரு நாய்ச் சங்கிலி.
மரம் பருத்துப் பருத்து
அதை விழுங்கிவிட்டிருக்கிறது.
வெளியே மூன்று கண்ணி தொங்கியது.
ஆட்டிப் பார்த்தேன்.
சத்தம் மட்டும் புதிதாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம்
தென்மேற்கு மூலையில் கத்தி டங்கென்றது.
“தீதி, பத்தர்” என்றான்.
தட்டார் யார் இங்கே என்று திரும்பினேன்.
கல்லைத்தான் அப்படிச் சொல்கிறான்.
பாசியைச் சுரண்டினோம். அம்புக்குறி.
அடியில் நாலு, அப்புறம் ஒன்றோ ஏழோ.

வேலி அங்கே இல்லை.
வேலி நாலடி தள்ளி, அந்தப் பக்கம்.
இடையில் மூன்று தேக்கு,
என் பக்கம் என்று நான்
எல்லோருக்கும் கைகாட்டிய பக்கம்.
நாலடி அகலம், நூற்றறுபதடி நீளம்.
ஒன்றரை சென்ட்.
கணக்கு இவ்வளவு வேகமாக
எனக்குப் பள்ளியில் வந்ததில்லை.

பிபுல் கல்லைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
வெட்டிய செடி ஒரு கட்டை இழுத்து
அதன்மேல் போட்டான்.
நான் சொல்லவில்லை.
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் சவறு எரித்தபோது
புகைக்குச் சண்டைபிடிக்க வந்தார்
வேலிக்கு அந்தப்பக்கத்து ஞானசிகாமணி,
பஸ்ஸில் விசிலூதி ஓய்வுபெற்றவர்.
அவர் வாய் திறக்குமுன்
என் வாய் திறந்துவிட்டது:
“அண்ணாச்சி, சர்வேக் கல்லு கெடச்சிருக்கு.
வந்து பாருங்க.”

வரவில்லை.
“அது அங்கதான கெடக்கும்.
முப்பது வருசமா எனக்குத் தெரியும்” என்றார்.
புகையை மறந்து முள்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.
“அந்தக் கல்லு நேரான்னு ஆனா
நாங்க எல்லாரும் நாலடி நீங்கணும்.
எனக்க கிணறு தம்பிக்குப் போவும்.
தம்பிக்க கக்கூசு பள்ளிக்குப் போவும்.
பள்ளிக்க மதிலு ரோட்டுல நிக்கும்.
மூடிக் கெடந்தப்போ
எல்லாரும் நல்லாத்தானே இருந்தோம், மக்ளே.”

போகிறவர் அயனியைப் பார்த்து நின்றார்.
“ராணிக்க சங்கிலி.
என்னைய ரெண்டு மட்டம் கடிச்சிருக்கு”
என்று வேட்டியைத் தூக்கி
ஒரு வடுவைக் காட்டினார்.
இன்னொன்றைக் காட்டவில்லை.

அந்த மூலையை விட்டுவிடு என்று
பிபுலிடம் சொன்னேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.
கூலியில் பிடிப்பீர்களா என்றுதான் கேட்டான்.

இப்போது விளை வெட்டவெளி.
சரிவின் அடியிலிருந்து பார்த்தால்
மேட்டுச் சாலையில் போகும் பஸ் தெரிகிறது.
மூலையில் மட்டும் ஆளுயரப் பச்சை.
அதை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று
வருகிறவர்கள் கேட்காமல் இருப்பதில்லை.
அணலி கிடக்கிறது என்கிறேன்.